தட்டில் தினையா, உமியா? பிள்ளையிடம் ஒரு பறவையை ஒப்படைக்கும் முறை

எங்கள் வீட்டுக்கு லவ் பேர்ட்ஸ் வந்த மூன்றாவது வாரம். "குருவிக்குத் தீனி வச்சாச்சாத்தா?" என்று அடுப்படியில் இருந்தபடியே கேட்டேன். "தட்டு நெறைய இருக்கும்மா" என்றாள் எட்டு வயது மகள். நானும் போகிற போக்கில் எட்டிப் பார்த்தேன். நிறையத்தான் இருந்தது. சாயங்காலம் என் மாமியார் அந்தத் தட்டைக் கையில் எடுத்து, முறத்தில் புடைத்துப் பழகிய வாயால் ஓர் ஊது ஊதினார். தட்டில் இருந்த அத்தனையும் பறந்துபோய்த் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் விழுந்தது. ஒரு மணி தினை இல்லை, எல்லாம் உமி.

இந்தப் பறவைகள் தானியத்தை அப்படியே விழுங்குவதில்லை. அலகால் உரித்துப் பருப்பை மட்டும் தின்றுவிட்டுத் தோலைத் தட்டிலேயே போட்டுவிடும். அதனால் காலியான தட்டு நிறைந்த தட்டுபோலவே தெரியும். கூண்டுப் பறவைகள் பட்டினி கிடப்பது பல வீடுகளில் இப்படித்தான். அன்று மகளைத் திட்ட எனக்கு வாயில்லை. நானும்தானே பார்த்தேன்.

பிள்ளைக்குப் பொறுப்பு வரட்டும் என்று பறவை வாங்கித் தருகிறோம். ஆனால் "தீனி வை, தண்ணீர் வை" என்று தினமும் நாமே சொல்லிக்கொண்டிருந்தால் அது வேலை வாங்குவது, அவ்வளவுதான். தட்டை ஊதிப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தானாகத் தோன்றும் நாளுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அதற்கு எங்களுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. எந்த வரிசையில் செய்தோம், எங்கே சறுக்கினோம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

பறவை வாங்குமுன் ஒரு மாதம்

கடைக்குப் போகாதீர்கள். முதலில் ஒரு மண் சட்டி போதும். வளவு (வீட்டு நடுமுற்றம்) வாசலிலோ மொட்டை மாடியிலோ வையுங்கள். சிட்டுக்குருவிக்கும் காக்கைக்கும் தண்ணீர் மாற்றுவது பிள்ளையின் வேலை. ஞாபகப்படுத்தக் கூடாது. நாட்காட்டித் தாளில் செய்த நாளுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். சட்டி இரண்டு மூன்று நாளில் வழுவழுப்பாகிவிடும். தண்ணீரை ஒரு வாரம் விட்டால் கொசுப்புழு நெளியும். அதைப் பிள்ளையே பார்க்கட்டும். யாரும் சாகப்போவதில்லை என்பதுதான் இந்தச் சோதனையின் வசதி, குருவி பக்கத்து வீட்டுத் தொட்டிக்குப் போய்விடும்.

30 நாளில் 22 கோடு விழுந்தால் தாராளமாகத் தேறியாயிற்று என்பது என் கணக்கு. எத்தனை நாள் விட்டது என்பதைவிட எந்த நாள் விட்டது என்று பாருங்கள். என் மகள் நான்கு ஞாயிற்றுக்கிழமையும் விட்டிருந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அவளுக்குக் காலை என்று ஒன்றே கிடையாது. ஆகவே பள்ளிக்குக் கிளம்புமுன் என்று இருந்ததைப் பல் தேய்த்தவுடன் என்று மாற்றினோம். பல் ஞாயிற்றுக்கிழமையும் தேய்த்தாக வேண்டுமே.

மார்கழி, தை என்றால் ஒருநாள் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கும் கூட்டிப்போங்கள். 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கண்மாய்கள் அவை. நத்தைகொத்தி நாரையும் உண்ணிக்கொக்கும் மரமே தெரியாமல் உட்கார்ந்திருக்கும். பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. "அங்க இருக்கிற பிள்ளைங்க கேட்டு அழமாட்டாங்களா?" என்று என் மகள் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பேருந்தில் திரும்பும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தாள்.

எந்தப் பறவை

பச்சைக்கிளி கூடாது. மீனாட்சி கையிலும் ஆண்டாள் தோளிலும் பார்த்துப் பழகியதால் நமக்குக் கிளி என்றால் வீட்டுப் பிராணி என்றே எண்ணம். ஆனால் பச்சைக்கிளி, மைனா, சில்லை போன்ற நம் நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூட்டிலிருந்து விழுந்த கிளிக்குஞ்சு கிடைத்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பொறுப்பைக் கற்றுக்கொடுக்கிறேன் என்று சட்டத்தை மீறி ஆரம்பித்தால் பிள்ளை கற்பது வேறாக இருக்கும்.

முதல் பறவைக்கு நான் சொல்வது பட்ஜி. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் இதுதான். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு பறவை, கடியும் பலமாக இருக்கும். பட்ஜி ஆஸ்திரேலியப் பறவை. எடை 30 முதல் 40 கிராம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்து முதல் பத்து வருடம் வாழும். இந்தக் கணக்கைப் பிள்ளையிடம் வாங்குமுன்பே சொல்லுங்கள்: "நீ பத்தாவது எழுதுறப்பவும் இது இருக்கலாம்."

கூட்டமாக வாழும் பறவை, ஒற்றையாக விடாதீர்கள். இரண்டு ஆண் வாங்குவது நிம்மதி. பெரும்பாலான நிறங்களில் வளர்ந்த ஆணுக்கு அலகுக்கு மேல் மூக்குப் பகுதி நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். கடைக்காரர் கூண்டோடு ஒரு சின்னப் பானையும் கட்டிக்கொடுப்பார், அதை வாங்க வேண்டாம். பானையைக் கண்டால் ஜோடி முட்டையிடும். நான்கு முதல் ஆறு முட்டை, ஏறக்குறைய 18 நாளில் குஞ்சு. எட்டு வயதுப் பிள்ளையிடம் இரண்டு பறவையை ஒப்படைக்கப்போய் மூன்று மாதத்தில் எட்டுப் பறவையாகிவிடும்.

வீட்டில் யாருக்காவது மூச்சிரைப்பு, தூசு ஒவ்வாமை இருந்தால் இந்த யோசனையே வேண்டாம்.

கூண்டும் இடமும்

கூண்டு பறவையைவிட விலை கூட ஆகும், ஆகட்டும். இரண்டு பட்ஜிக்குக் குறைந்தது இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பட்ஜி பக்கவாட்டில் பறப்பது, அதனால் உயரத்தைவிட நீளம்தான் முக்கியம். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, தலை மாட்டிக்கொள்ளும். கூண்டோடு வரும் வழுவழுப்பான பிளாஸ்டிக் குச்சியைக் கழற்றிவிட்டு வேப்பங்குச்சி, கொய்யாக் குச்சிகளைப் பல தடிமனில் கட்டுங்கள். ஒரே தடிமனில் உட்கார்ந்தால் பாதம் புண்ணாகும். குச்சி தேடிப் பொறுக்கி, கழுவி, வெயிலில் காய வைப்பது பிள்ளைக்குத் தரும் முதல் வேலை. பறவை வருவதற்கு முந்தைய வாரமே அது முடிய வேண்டும்.

எங்கே வைப்பது என்பதில் செட்டிநாட்டு வீடுகளுக்குத் தனிச் சங்கடம் உண்டு. வளவின் நடுவே வானம் திறந்திருக்கிறது, வெளிச்சமும் காற்றும் அருமை என்று முதலில் எல்லாருக்கும் தோன்றும். வல்லூறுக்கும் காக்கைக்கும் பூனைக்கும் அப்படியே தோன்றும். ஓட்டுக்கு அடியில் மரநாய் குடியிருக்கும் பழைய வீடு என்றால் கேட்கவே வேண்டாம். பட்டாலைச் (கூடத்துச்) சுவரோரம், ஒரு பக்கம் சுவர் அணைந்திருக்க, பிள்ளையின் கண் உயரத்தில் வையுங்கள். நேர் வெயில் படக் கூடாது, மின்விசிறிக் காற்று நேரே அடிக்கக் கூடாது. இரவில் மெல்லிய துணியால் மூன்று பக்கம் மூடிக் கதவடைத்த அறைக்குள் எடுத்துவிடுங்கள். 10 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் அதற்கு. தொலைக்காட்சித் தொடர் ஓடும் அறையில் தூங்காது.

அடுப்படி பக்கம் வேண்டவே வேண்டாம். பறவையின் நுரையீரல் மிக மென்மையானது. நான்ஸ்டிக் தோசைக்கல்லோ பணியாரக்கல்லோ வெறுமனே அடுப்பில் காய்ந்து சூடேறிவிட்டால் அந்தப் பூச்சிலிருந்து வரும் புகை சில நிமிடத்தில் பறவையைக் கொன்றுவிடும். நமக்கு வாசனைகூடத் தெரியாது. இரும்புக் கல்லுக்கு இந்த ஆபத்து இல்லை. சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், மிளகாய் வறுக்கும் நெடி ஆகியவையும் அதற்கு ஆகாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது கூண்டை நகர்த்துவதைப் பிள்ளையின் வேலையாக்கினேன். இப்போது கரண்டியில் கங்கு எடுக்கும்போதே "இரு அப்பத்தா, இரு அப்பத்தா" என்று ஓடிவருகிறாள்.

முதல் வாரம்: தொடக் கூடாது

இதுதான் பிள்ளைக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம். புது இடத்துக்கு வந்த பறவை மிரண்டு மூலையில் ஒண்டிக்கொள்ளும், முதல் நாள் சரியாகச் சாப்பிடாமலும் இருக்கலாம். கூண்டிலிருந்து நான்கடி தள்ளி உட்கார்ந்து ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் வீட்டுப்பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். குரல் பழகட்டும். அந்த வாரம் தீனியும் தண்ணீரும் வைப்பது நீங்கள்தான். பிள்ளை பார்த்ததைச் சொன்னால் போதும். எது முதலில் சாப்பிடுகிறது, எந்தக் குச்சியில் தூங்குகிறது, எச்சம் எப்படி இருக்கிறது. நல்ல எச்சத்தில் கரும்பச்சைச் சுருளும் நடுவில் வெள்ளையும் இருக்கும். முகம் சுளிக்காமல் இதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பாதி வேலை கைவந்துவிட்டது.

பெட்டியடிப் பையன்

பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) நடத்திய வட்டிக்கடைகளில் சின்னப் பையனை எடுத்தவுடன் கணக்கில் உட்கார வைக்கமாட்டார்கள். முதலில் பெட்டியடிப் பையன், கைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை. பிறகு அடுத்தாள். பிறகுதான் மேலாள். எங்கள் வீட்டில் குருவி விஷயத்திலும் இதே பதவிகள்தான். மகளுக்குப் பதவி உயர்வு என்ற சொல்லே பெரிய தின்பண்டம்.

பெட்டியடி வேலை இரண்டே. தண்ணீர் மாற்றுவது, தட்டை ஊதுவது. முதல் இரண்டு மாதம் வேறெதுவும் தரவில்லை.

தண்ணீர் காலையில் ஒரு முறை, கோடையில் சாயங்காலமும் ஒரு முறை. ஊற்றி நிரப்பக் கூடாது, கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவிப் புதிதாக ஊற்ற வேண்டும். தட்டை வாசலுக்கு எடுத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊத வேண்டும், இல்லாவிட்டால் உமி கண்ணில் விழும். ஊதிய பிறகு மிச்சமிருப்பதுதான் தீனி. ஒரு பட்ஜிக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி போதும். தினை, சாமை, கம்பு, குதிரைவாலி எல்லாம் கலந்து ஒரு புட்டியில் போட்டு, அளவுக்கென்று ஒரு கரண்டியை அதிலேயே வைத்துவிடுங்கள். தினை மட்டுமே போட்டால் கொழுப்புதான் ஏறும், சத்துப் பற்றாது. கொத்தமல்லி, முருங்கைக்கீரை, துருவிய கேரட் தினமும் கொஞ்சம் வேண்டும். கீரைக்கு மருந்து அடித்திருப்பார்கள், நன்றாக அலசிக் கொடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், நம் ஊர் வெக்கையில் ஊசிவிடும். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள். கணவாய் மீனின் ஓடு அது. கம்பியில் செருகிவிட்டால் கொறித்துக்கொள்ளும்.

கொடுக்கக் கூடாதவற்றைப் பிள்ளையே எழுதிக் கூண்டில் ஒட்டட்டும்: சாக்லேட், காபி, டீ, வெண்ணெய்ப்பழம் (அவகாடோ), வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை, உப்புப் போட்ட எதுவும். வீட்டுக்கு வரும் உறவுக்காரப் பிள்ளைகள் முறுக்கையும் சீப்புச்சீடையையும் கம்பிக்குள் நீட்டாமல் இருக்க அந்தத் தாள் உதவும். பெரியவர்கள் சொன்னால் கேட்காத பிள்ளைகள் இன்னொரு பிள்ளை எழுதியதைப் படிக்கிறார்கள்.

கூண்டில் கை வைத்தால் வெளியே வந்து சோப்புப் போட்டுக் கை கழுவியாக வேண்டும். அலகில் முத்தம் கிடையாது. இந்த இரண்டிலும் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை.

அடுத்தாள்

தண்ணீரும் தட்டும் யாரும் சொல்லாமல் ஒரு மாதம் ஓடினால் அடுத்த பதவி. எட்டு ஒன்பது வயதுக்கு மேல்தான் இது சரிப்படும். நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு நீங்கள் கூட நின்று கிண்ணம் கழுவ வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தாள் தினமும் கூண்டடித் தாளை மாற்ற வேண்டும். காய்ந்த எச்சம் தூளாகப் பறந்தால் அதிலிருந்து மூச்சு வழியாக நோய் தொற்றலாம். ஆகவே தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே தாளை மடிக்க வேண்டும். வாரம் ஒரு நாள் கூண்டு முழுவதையும் வெந்நீரில் கழுவுவது உங்கள் இருவருக்கும் சேர்ந்த வேலை. தரையில் சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள், ஆத்தங்குடிக் கல்லில் கறை பிடித்தால் அப்பத்தாவுக்கு யார் பதில் சொல்வது?

வாரம் ஒரு முறை எடை. சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு சின்ன டப்பாவை வைத்து, அதில் தினை தூவினால் பழகிய பறவை தானாக ஏறும். பறவைகள் நோயை மறைக்கும். காட்டில் பலவீனமாகத் தெரிந்தால் அடுத்த நிமிடம் எதற்காவது இரையாகிவிடும் அல்லவா? கண்ணுக்குத் தெரியுமுன் தராசு சொல்லிவிடும். 36 கிராம் இருந்தது 32 ஆனால் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல். அன்றே கவனிக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுத ஒரு கணக்கு நோட்டு. தேதி, எடை, மாற்றம் ஏதும் உண்டா, என்ன வாங்கினோம், எவ்வளவு. மாதக் கடைசியில் ஐந்தொகை (வரவு செலவுக் கணக்கு) போட்டு அப்பாவிடம் காட்ட வேண்டும். முதல் மாதம் எட்டு ரூபாய் இடித்தது. அப்பாவும் மகளும் ராத்திரி சாப்பாட்டை மறந்து தேடினார்கள். கொத்தமல்லி வாங்கியதை எழுதவில்லை.

நகம் வெட்டுவது, மருந்து கொடுப்பது, பறவையைக் கையால் பிடிப்பது இவை பிள்ளையின் வேலையில் சேராது. அழுத்திப் பிடித்தால் அதற்கு மூச்சு நின்றுவிடும். கூண்டுக்கு வெளியே விடும்போது மின்விசிறியை அணைத்து, சன்னல் சாத்தி, ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும்.

மறந்த நாள்

மறப்பார்கள். பரீட்சை வரும், காய்ச்சல் வரும், புது சைக்கிள் வரும். அன்று என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது.

பறவை பட்டினி கிடக்கக் கூடாது. பாடம் கற்கட்டும் என்று விட்டுவைப்பது கொடுமை, 35 கிராம் உடம்பு ஒரு நாள் முழுப் பட்டினியைத் தாங்காது. இரவு படுக்குமுன் நான் ஒருமுறை தட்டை ஊதிப் பார்த்துவிடுவேன், இன்றுவரை. காலியாக இருந்தால் நானே வைப்பேன். ஆனால் காலையில் மறைக்கமாட்டேன். "நேத்து ராத்திரி தட்டு காலியா இருந்துச்சு, நான் வச்சேன். நோட்டுல எழுதிடு" என்பேன். குரல் உயராது, அவ்வளவுதான் பேச்சு. தன் கையெழுத்தில் "அம்மா வைத்தார்" என்று எழுதுவது பிள்ளைக்குப் போதுமான தண்டனை. முதல் தடவை எழுதும்போது பேனாவை அழுத்தி அழுத்தித் தாளே கிழிந்தது.

"நீ இப்படி இருந்தா அது செத்துப்போகும்" என்று ஒருநாள் என் வாயிலும் வந்துவிட்டது. இரண்டு நாள் ராத்திரி எழுந்து எழுந்து கூண்டைப் பார்த்தாள். பயத்துக்கும் பொறுப்புக்கும் தூரம் அதிகம் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். "கிளாஸ் டெஸ்ட்ல மார்க் குறைஞ்சா குருவியைக் கொடுத்துருவேன்" என்பதும் அதே ரகம். பறவையைப் பணயம் வைக்காதீர்கள்.

மூன்று நான்கு நாள் தொடர்ந்து மறந்தால் மறதி என்று விடாமல் காரணம் தேடுங்கள். எங்களுக்கு ஒருமுறை தீனிப் புட்டியின் மூடி இறுகிப்போய் அவளால் திறக்க முடியவில்லை. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள்.

இன்னொரு தடை அன்பு வடிவில் வரும். "பச்சப் புள்ளைய ஏன் படுத்துற, நான் வச்சுட்டுப் போறேன்" என்று அப்பத்தா முந்திக்கொள்வார். சண்டை வேண்டாம். எங்கள் மாமியாருக்குத் தணிக்கையாளர் பதவி கொடுத்தோம். வாரம் ஒருநாள் நோட்டைப் பார்த்துக் கையெழுத்து. அதற்குப் பிறகு அவரும் பேத்தியும் ஒரு கட்சி, நான் தனி.

ஊருக்குப் போகும்போது

நம் பக்கத்துக் கல்யாணம், கோயில் திருவிழா என்றால் மூன்று நாளாவது ஆகும். யாரிடம் விட்டுப்போவது என்று தேடுவதும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் பிள்ளை செய்யட்டும். இது மேலாள் வேலை, பத்து வயதுக்கு மேல். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் என் மகள் கொடுத்த தாளில் முதல் வரி: "தட்டு நிறைஞ்ச மாதிரி தெரியும், நம்பாதீங்க, ஊதிப் பாருங்க." நான் சொல்லித்தரவில்லை.

கோடை, நோய், சாவு

சித்திரை வைகாசியில் பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பை விட்டு விலக்கி நின்றால் வெக்கை தாங்கவில்லை என்று அர்த்தம். நிழலான குளிர்ந்த அறைக்கு எடுத்துப்போய், கூண்டின் ஒரு பக்கம் ஈரத்துணி தொங்கவிட்டு, அகலமான தட்டில் குளிக்கத் தண்ணீர் வையுங்கள்.

சிலுப்பிக்கொண்டே உட்கார்ந்திருப்பது, கூண்டுத் தரையில் இறங்கி நிற்பது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, மூக்கில் ஒழுகுவது, எச்சம் நீராகப் போவது இவற்றில் எது கண்டாலும் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். அரசுக் கால்நடை மருந்தகங்களில் ஆடு, மாடு, கோழிதான் அதிகம் வரும். கூண்டுப் பறவை பார்ப்பவர் யார் என்று பறவை நன்றாக இருக்கும்போதே விசாரித்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெரிய சிக்கல் என்றால் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் நீண்டால் பறவை வளர்ப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் செய்தும் ஒருநாள் செத்துப்போகும். எங்களுடைய நீலக்குருவி இரண்டாம் வருடம் போனது. இரவோடு இரவாக அதே நிறத்தில் ஒன்று வாங்கி வைத்துவிடலாம் என்று வீட்டில் ஒரு யோசனை வந்தது. கூடாது. வாராவாரம் எடை பார்த்த பிள்ளைக்கு எது தன் குருவி என்று தெரியாதா? சொன்னோம், அழுதாள், கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். "நான் ஏதாவது பண்ணினேனாம்மா?" என்று கேட்டாள். நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். கடைசி வாரம்வரை எடை சரியாக இருந்தது, மூன்று நாளில் இறங்கியிருந்தது, அன்றே மருத்துவரிடம் காட்டியிருந்தோம். வாயால் நான் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

ஒத்துவராவிட்டால்

ஆறு மாதம் பார்த்தும் பிள்ளைக்கு மனம் ஒட்டவில்லை என்றால் அது தோல்வி இல்லை, சில பிள்ளைகளுக்குச் செடி பிடிக்கும். ஆனால் கூண்டைத் திறந்து வானத்தில் விட்டுவிடாதீர்கள். கூண்டில் பிறந்த பட்ஜிக்கு நம் ஊரில் இரை தேடவும் தெரியாது, காக்கையிடமிருந்து தப்பவும் தெரியாது. ஒருநாள்கூடத் தாங்குவது கஷ்டம். ஏற்கெனவே பட்ஜி வளர்க்கும் வீட்டைத் தேடிப் பிடியுங்கள். பிள்ளையும் கூட வந்து அந்தக் கூண்டையும் தட்டையும் பார்த்துச் சம்மதம் சொல்லட்டும். கொடுக்கும்போது நோட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், அது குருவியின் நோட்டு.